கல்யாண வீடியோவுக்கு மட்டும் திறக்கும் கதவு

'புகைப்படம் எடுப்பது முற்றாகத் தடைசெய்யப்பட்டுள்ளது.' கொழும்பில் நாலு கோயிலுக்குப் போன எல்லாருக்கும் இந்தப் பலகையைத் தெரியும். சில இடத்தில் சிவப்பு எழுத்து. சில இடத்தில் கமராப் படத்துக்கு மேல் ஒரு குறுக்குக் கோடு. சில இடத்தில் பலகையே இருக்காது, அதற்குப் பதிலாகக் கதிரை போட்டு ஒரு ஐயா உட்கார்ந்திருப்பார், போனை வெளியில் எடுத்தாலே தொண்டையைச் செருமுவார். இந்தத் தடையால் ஒரு கல்லாவது ஒரு சிலையாவது காப்பாற்றப்பட்டதாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. இதனால் இல்லாமல் போனதை மட்டும் நிறையப் பார்த்தாச்சு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் சண்டைக்கு வரவேண்டாம். மூலஸ்தானத்துக்குள் கமராவை நீட்டவேண்டும் என்று நான் கேட்கவில்லை. கருவறை, அபிஷேகம், சாமிக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற ஒரு ஆளின் முகம், இதெல்லாம் படத்துக்கு உரியது இல்லை. நான் அப்படியொன்றும் பக்திப்பழம் கிடையாது, ஆனாலும் அந்த எல்லை எனக்கு விளங்கும். நான் கேட்பது கட்டடத்தை. தூண், போதிகை, கொடுங்கை, விமானம், கோபுரத்துச் சுதைச் சிற்பம், வாசல் நிலையின் மரவேலை, தரைக்கல்லில் வெட்டியிருக்கும் உபயகாரர் பெயர்.

தடை எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்தால்கூடப் பேசாமல் இருந்திருப்பேன். ஒரு முகூர்த்த நாளில் அதே கோயிலுக்குப் போய்ப் பாருங்க. மூன்று வீடியோ கமரா, தூணோடு சாய்த்து வைத்த லைட் ஸ்டாண்ட், தரையெல்லாம் வயர். பொம்பிளையும் மாப்பிள்ளையும் பிரகாரத்தில் ஸ்லோ மோஷனில் நடப்பாங்க. 'இன்னொருக்கா நடங்க, அண்ணா' என்று வீடியோக்காரர் சொல்ல இன்னொருக்கா நடப்பாங்க. காசு கட்டியாச்சு, அதனால் ஆகமம் அன்றைக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். திருவிழாவுக்கு அமைச்சர் வந்தால் அவருக்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே படம் பிடிக்க ஒரு பட்டாளமே வரும். கொடியேற்றம் யூடியூபில் நேரலை. ஆக, கமரா கோயிலுக்குள் போகலாம். காசும் பதவியும் இல்லாத ஒருத்தர் கையில் இருந்தால் மட்டும்தான் அது தீட்டு.

சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெரு என்று ஒன்று இருக்கிறது. எங்கட ஆட்கள் அங்கே நாகூர் தர்காவைப் பார்க்கப் போவாங்க, 1830 அளவில் கட்டி முடித்தது. அதே தெருவில் தியான் ஹொக் கெங் என்ற சீனக் கோயில். தாவோ மரபில் வந்தது, கடல் தெய்வம் மாசூவுக்கு ஃபூஜியன் குடியேறிகள் கட்டியது. 1839இல் தொடங்கி 1842இல் முடித்தார்கள். அப்போது கடல் அந்த வாசல் வரைக்கும் இருந்தது, கப்பலால் இறங்கியவன் முதலில் போய் நன்றி சொன்ன இடம் அது. கூரை முகட்டு நாகம், உத்தரத்தைத் தாங்கும் மரச்செதுக்கல், கதவில் எழுதிய காவல் தெய்வம், இதையெல்லாம் அங்குலம் அங்குலமாக எடுத்த படங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கு. 1973இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். 1998 முதல் 2000 வரை பெரிய திருத்த வேலை நடந்தது, அதற்கு 2001இல் யுனெஸ்கோ பாராட்டும் கிடைத்தது. அந்தக் கோயிலின் தெய்வம் இத்தனை படத்தாலும் ஓடிப்போகவில்லை. இன்றைக்கும் ஊதுபத்திப் புகை வருது, சனம் வருது.

தெமட்டகொடையில் இருக்கிற எனக்கு, நான் ஒருநாளும் கால் வைக்காத அந்தக் கோயிலின் கதவுக் கைப்பிடி வரைக்கும் தெரியும். கொச்சிக்கடை ஸ்ரீ பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் பக்கத்தில் இருக்கு, அதன் தூண் ஒன்றின் போதிகை எப்படி முடியுது என்று கேட்டால்? மொட்டா, விரிந்த பூவா, வெறும் வளைவா? உங்களில் எத்தனை பேர் பார்க்காமல் சொல்லுவீங்க?

இத்தனைக்கும் அது சாதாரணக் கட்டடம் இல்லை. பொன்னம்பல முதலியார் 1850களில் கட்டியதை அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் தொடங்கி 1912 வரை கருங்கல்லில் திரும்பக் கட்டினார். தென்னிந்தியாவில் இருந்து சிற்பிகள் வந்தார்கள். செட்டியார் தெருவின் கலர்க் கோபுரங்களில் பழகிய கண்ணுக்கு உள்ளே போனால் முதலில் ஒன்றும் தெரியாது. கல்லின் இருட்டு, எண்ணெய்ப் புகை, தூணுக்குப் பின்னால் தூண். கொஞ்ச நேரம் நின்றால் செதுக்கல் ஒவ்வொன்றாக வெளியே வரும். இராமநாதனைப் பற்றி மேடைக்கு மேடை பேசுவாங்க. டொனமூர் காலத்தில் எல்லாருக்கும் வாக்குரிமை கொடுக்கக்கூடாது என்று நின்றவர் அவர்தான் என்பதை மட்டும் மெதுவாகச் சொல்லுவாங்க, அது வேற கதை. ஐந்து வருடம் உளி பிடித்த கைகளின் பெயரை எந்த மேடையும் சொல்வதில்லை. அந்த ஆட்கள் விட்டுப்போன கையெழுத்து அந்தச் செதுக்கல்தான். அதை நுணுக்கமாக, ஒவ்வொன்றாகப் படம் எடுப்பது என்பது அந்தத் தொழிலாளர்களின் பக்கத்தில் இருந்து அந்தக் கோயிலைப் பார்ப்பது. கட்டுவித்தவர் பெயர் பித்தளையில் இருக்கும், கட்டினவர் கை கல்லில் மட்டும்தான் இருக்கும். கல்லும் தேயும்.

கல்லாவது பரவாயில்லை, மெதுவாகத் தேயும். சுதைக்கு அந்த அவகாசமும் கிடையாது. கொழும்பில் ஒரு பழைய கோயில், பெயர் வேண்டாம். என் அம்மம்மா சின்ன வயதில் இருந்து போன கோயில். அதன் மதிலில் மற்றச் சாமி உருவங்களுக்கு நடுவே ஒரு சிப்பாய் இருந்தான். தொப்பி, இறுக்கமான கோட், தோளில் துப்பாக்கி. வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ ஒரு சிற்பி தான் தெருவில் பார்த்த ஆளை அப்படியே கோயில் மதிலில் ஏற்றி வைத்திருக்கிறார். பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்துக்காக அவனைப் படம் எடுக்கப் போனேன். 'தங்கச்சி, இங்க படம் எடுக்கேலாது.' 'ஐயா, சாமிய இல்ல, அந்தச் சிப்பாய மட்டும்தான்.' 'எல்லாம் சாமிதான்.' அதோடு முடிந்தது. அடுத்த வருடம் திருப்பணி. சாரம் கட்டினார்கள், தட்டினார்கள், பூசினார்கள். கும்பாபிஷேகத்துக்குப் போய்ப் பார்த்தால் சிப்பாய் நின்ற இடத்தில் ரோஸ் கலரில் ஒரு பூதகணம் சிரிச்சுக்கொண்டு இருக்கு. எல்லாமே சாமி என்றால் அவனை ஏன் உடைச்சீங்க என்று கேட்க அந்த ஐயாவைத் தேடினேன், அன்றைக்கு அவர் உபயகாரர்களோடு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். இப்போது வீட்டில் அம்மம்மா சிப்பாய்க்கு மீசை இருந்தது என்கிறா, மாமா இல்லவே இல்லை என்கிறார். இரண்டு பேரும் அறுபது வருடம் அவனைக் கும்பிட்டுக்கொண்டு போனவர்கள்.

இது ஒரு கோயிலின் கதை மட்டும் இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்பது நல்ல வழக்கம்தான், கட்டடத்தைக் கவனிக்க வைக்கிற வழக்கம். பழைய சுதை என்பது சுண்ணாம்பும் மணலும், அதோடு கடுக்காய்த் தண்ணி, வெல்லம். அது ஈரத்தை உள்ளே இழுத்து வெளியே விடும். இப்போது அதற்கு மேல் சீமெந்து, அதற்கு மேல் எனாமல் பெயின்ட். ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும், சில வருடத்தில் பொருக்குப் பொருக்காகக் கழன்று விழும், 'பழசு பழுதாப் போச்சு' என்று சொல்லி முழுவதையும் தட்டிவிடுவார்கள். புது உருவங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே முகம், ஒரே கலண்டர்ச் சிரிப்பு. உடைக்கிறதுக்கு முதல்நாள் என்ன இருந்தது என்று கேட்டால் காட்ட ஒரு படம் இருக்காது. தடைதானே.

சீனாவில் ஷான்ஷி மாகாணத்தில் யோங்லெ கோங் என்று ஒரு தாவோ கோயில் உண்டு. யுவான் வம்சக் காலத்தது, சுவர் சுவராகத் தெய்வங்களின் ஊர்வலத்தை வரைந்திருப்பார்கள். 1950களின் கடைசியில் மஞ்சள் ஆற்றில் அணை கட்டத் தொடங்கியபோது கோயில் நீரில் மூழ்கும் நிலை வந்தது. முதலில் ஓவியர்கள் வந்து சுவரோவியங்களைப் பிரதி எடுத்தார்கள். பிறகுதான் சுவரைத் துண்டு துண்டாக அறுத்து வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஒழுங்கைக் கவனியுங்க. முதலில் பதிவு, பிறகுதான் கை வைப்பது. அதே நாட்டில் லியாங் ஸசெங்கும் அவருடைய மனைவி லின் ஹுயினும் 1930களில் கோவேறு கழுதையிலும் பஸ்ஸிலும் ஊர் ஊராகப் போய்ப் பழைய கோயில்களை அளந்து, படம் எடுத்து, வரைந்தார்கள். 1932இல் லியாங் பாவோதி என்ற ஊரில் அளந்த புத்த மண்டபம் ஒன்று 1025இல் கட்டியது. பிறகு அதை மரத்துக்காகப் பிரித்துவிட்டார்கள். தொள்ளாயிரம் வருடம் நின்ற கட்டடம், இன்றைக்கு அந்தப் படங்களிலும் வரைபடங்களிலும் மட்டும்தான் நிற்குது.

இனி எதிர்த்தரப்பு சொல்கிற காரணங்களுக்கு வாறேன்.

'படம் எடுத்தால் கள்ளன் வருவான்.' இதுதான் அடிக்கடி வருவது. தமிழ்நாட்டில் அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் என்ற ஊர்க் கோயிலின் சோழர்கால நடராஜரைக் கள்ளர் தூக்கினார்கள். அது சிலைக் கடத்தல்காரர்களின் வேலை. நியூயோர்க் வியாபாரி சுபாஷ் கபூரின் கைக்குப் போய், 2008இல் அவுஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் அதை ஐம்பது லட்சம் அமெரிக்க டொலருக்கு வாங்கியது. பழைய உரிமைப் பத்திரம் என்று ஏதோ ஒன்றைக் காட்டித்தான் வித்தார்கள். அந்தப் பொய்யை உடைத்தது எது தெரியுமா? பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திடம் இருந்த பழைய புகைப்படங்கள். அந்த நிறுவனம் 1955இல் தொடங்கியது, அதன் ஆட்கள் பல வருடமாகக் கிராமம் கிராமமாகப் போய்க் கோயில்களைப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் படத்தில் இருந்த சிலையும் கலைக்கூடத்தில் நின்ற சிலையும் ஒன்றுதான் என்று காட்ட முடிந்தது. 2014 செப்டெம்பரில் நடராஜர் இந்தியாவுக்குத் திரும்பினார். படம் இல்லாத கோயிலில் இருந்து களவு போனது என்ன ஆகும்? அது உன்னுடையதுதான் என்று நீ எப்படி நிரூபிப்பாய்? படம் இல்லாத கோயில்தான் கள்ளனுக்கு வசதி.

'பாதுகாப்புப் பிரச்சினை.' இதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். யுத்த காலத்தில் கொழும்பில் தமிழ்ப் பெடியன் ஒருத்தன் கமராவோடு நின்றால் அன்றைக்கு அவன் வீட்டுக்கு வருவானா என்பதே கேள்வி. அந்தப் பயத்தில் வைத்த பலகைகள் இருக்கலாம். 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது, பக்கத்துத் தெருக்களில் இருக்கிற எங்கட கோயில்களிலும் அதன் பிறகு பையைத் திறந்து காட்டித்தான் உள்ளே போனோம். அது நியாயம். பை பார்க்கட்டும், அடையாள அட்டை கேட்கட்டும், பெயர் எழுதட்டும். ஆனால் கல்யாண வீடியோ குழுவின் ஐந்து பெட்டிக்கு இல்லாத பாதுகாப்புப் பிரச்சினை என்னுடைய உடைஞ்ச ஸ்கிரீன் போனுக்கு எங்கிருந்து வருது?

'புனிதம் கெடும்.' 2022 டிசெம்பரில் மெட்ராஸ் உயர் நீதிமன்றமே தமிழ்நாட்டுக் கோயில்களில் கைத்தொலைபேசிக்குத் தடை போட்டது என்று உதாரணம் காட்டுவார்கள். சன்னதிக்கு முதுகைக் காட்டி செல்பி எடுக்கிறவர்களை எனக்கும் பிடிக்காது. ஆனால் கூட்டத்தில் போனைத் தூக்குவதும், நடை சாத்திய நேரத்தில் அனுமதி வாங்கி ஒரு தூணை நாலு பக்கமும் எடுப்பதும் ஒன்றா? புனிதம் என்ற சொல்லை வைத்து யார் உள்ளே வரலாம், யார் எட்டி நின்று பார்க்கலாம் என்று தீர்மானித்த பழக்கம் எங்களுக்குப் புதிதில்லை. 1968இல் மாவிட்டபுரத்தில் வாசலை மறித்து நின்றவர்களும் புனிதத்தைத்தான் சொன்னார்கள். இரண்டும் சமமான அநியாயம் என்று நான் சொல்லவில்லை. கோயில் தங்கட வீடு என்று நினைக்கிற குணம் மட்டும் ஒன்றுதான்.

இந்தப் 'புனிதம்' வெள்ளைக்காரனுக்குப் பொருந்தவும் இல்லை. லினியஸ் ட்ரைப் என்ற கம்பனிப் படை அதிகாரி 1858இல் மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் படம் எடுத்தார். ஜோசஃப் லோட்டன் 1870, 71இல் அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் எடுத்தார். அந்தப் படங்கள் லண்டனில் பத்திரமாக இருக்கு. எங்கட பாட்டன் காலத்துக் கோயில் எப்படி இருந்தது என்று பார்க்க நாங்கள் அவங்கட இணையத்தளத்துக்குப் போய் டவுன்லோட் பண்ணுறோம், 150 வருடத்துக்குப் பிறகு பிறக்கப் போகிறவர்களுக்கு நாங்கள் விடப்போவது ட்ரோன் ஷாட்டில் ஒரு கல்யாண அல்பம்.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கவும் வேண்டாம். தொல்பொருள் சட்டத்தின் வரையறை 1815 மார்ச் 2இல் ஒரு கோடு கீறுது, அதற்குப் பிந்திய கட்டடம் தானாகப் புராதனச் சின்னம் ஆகாது. 19ஆம் நூற்றாண்டுக் கொழும்புக் கோயில்கள் எல்லாம் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். தொல்பொருள் என்ற பெயரோடு திணைக்களம் வடக்கில் என்ன செய்யுது என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அதனால் 'பதிவு' என்ற சொல்லே எங்கட பெரியவர்களுக்குப் பயம். எனக்கு அந்தப் பயம் எதிர்ப்பக்கம் வேலை செய்யுது. 2023 மார்ச்சில் வெடுக்குநாறிமலை ஆதிலிங்கேஸ்வரர் கோயிலில் விக்கிரகங்கள் உடைத்தெறியப்பட்ட செய்தி வந்தது. முதல் எழுந்த கேள்வி, அங்கே முன்பு என்ன எங்கே இருந்தது என்பது. அப்படியொரு கேள்வி நாளைக்கு எங்கே வந்தாலும் தேதி போட்ட படம் ஒன்றுதான் சாட்சி. யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சதைப் பற்றி வருடாவருடம் ஜூன் மாதம் போஸ்ட் போடுகிற நாங்கள், எங்கட கையால தட்டிக் கொட்டுகிறதைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

எங்கட வயதுக்காரரையும் சும்மா விட ஏலாது. அனுமதி கிடைத்த இடத்தில் நாங்கள் என்ன எடுக்கிறோம்? பட்டுப்பாவாடையில் தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு ரீல், பின்னணியில் பாட்டு, ஃபில்டரில் கல் எல்லாம் செம்மஞ்சள். எந்தக் கோயில், எந்தத் திசை, எந்த வருடம் என்று ஒன்றும் இருக்காது. இப்படி ஆயிரம் படம் இருந்தும் ஒரு உடைந்த சிற்பத்தைத் திருத்த வருகிற ஸ்தபதிக்கு அதில் ஒன்றும் உதவாது. 'படம் எடுக்க விட்டால் இதுதான் நடக்கும்' என்று சபைக்காரர் சொல்ல நாங்களே வழி விட்டுக் கொடுக்கிறோம்.

ஒழுங்காக எடுப்பதற்கு விலை கூடின கமரா தேவையில்லை. வலமாகச் சுற்றி, முதலில் சுவர் முழுவதும், பிறகு ஒரு பகுதி, பிறகு நுணுக்கம். பிளாஷ் வேண்டாம், அது கல்லைத் தட்டையாக்கும். காலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரமே போதும், இருட்டுப் பிரகாரத்தில் ஒரு சின்ன டோர்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் சரித்துப் பிடித்தால் தேய்ந்துபோன எழுத்துக்கூட மேலே எழும்பும். ஒரு அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்து ஒரு படம். அடுத்தடுத்த படங்கள் பாதிக்கு மேல் ஒன்றோடு ஒன்று பொருந்தி இருந்தால் மெஷ்ரூம் மாதிரி இலவச மென்பொருளில் போட்டு முப்பரிமாண மாதிரியே செய்யலாம். எல்லாவற்றுக்கும் கோயில் பெயர், இடம், திசை, தேதி. பிறகு உங்கட இன்ஸ்டாவில் போட்டாலும் போடாவிட்டாலும் நூலகம் நிறுவனத்துக்கு ஒரு பிரதி. 2005இல் தொடங்கி இவ்வளவு காலம் எங்கட புத்தகத்தையும் பேப்பரையும் சேர்த்து வைத்தவர்கள் அவர்கள், படங்களுக்கும் இடம் வைத்திருக்கிறார்கள்.

பரிபாலன சபைகளிடம் கேட்க வேண்டியதும் பெரிய விஷயம் இல்லை. மாதத்தில் ஒரு நாள், நடை சாத்திய பிறகு இரண்டு மணி நேரம், பெயர் பதிந்தவர்களுக்குக் கட்டடத்தைப் படம் எடுக்க அனுமதி. எடுத்த படத்தில் ஒரு பிரதி கோயிலுக்கு. திருப்பணிக்குச் சாரம் கட்ட முதல், தட்டப்போகிற ஒவ்வொரு உருவத்துக்கும் படம். இவ்வளவும்தான். கும்பாபிஷேகப் பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் ஆகிற செலவோடு பார்த்தால் இதற்கு ஒரு சதமும் ஆகாது.

அடுத்த பாலஸ்தாபன நோட்டீஸ் உங்கட வீட்டுக் கதவுக்கு வரும்போது வாசிச்சுப் பாருங்க. பிரதிஷ்டா குரு, மேளம், பந்தல், அன்னதான உபயம் எல்லாம் பெயரோடு இருக்கும். பழைய கட்டடத்தைப் பதிவு செய்வது பற்றி ஒரு வரி இருக்குதா என்று தேடுங்க. இல்லாவிட்டால் நாலு பேர் சேர்ந்து கையெழுத்து வைத்து, சாரம் கட்டுகிற நாளுக்கு முதல் சபைச் செயலாளரிடம் கடிதத்தைக் கொடுங்க. கப்பித்தாவத்தை, செட்டியார் தெரு, வெள்ளவத்தை, எந்தக் கோயிலாக இருந்தாலும் சரி. படம் எடுக்க ஆள் வேண்டும் என்றால் எங்கட குழுவில் ஆறு பேர் இருக்கிறோம், அடிமட்டமும் டோர்ச்சும் நாங்களே கொண்டுவாறோம்.